கவாத்து முடிந்த மாலையில் இரண்டு மூடி அரிஷ்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்ப்பவருக்குத் திராட்சைக் கவாத்தும், அதாவது கொடியை வெட்டிவிடுவதும், கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே கொடியை உறங்கவைத்து எழுப்பும் கடுங்குளிர் கிடையாது. கவாத்து செய்து அப்படியே விட்டால் நுனி மொட்டு மட்டும் துளிர்த்து, மற்றவை தூங்கிவிடும். அதனால் ஓரிரு நாளுக்குள், மொட்டுகளை எழுப்பும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனம் கலந்த நீரைத் துணியில் தோய்த்து மொட்டுகளில் தடவுகிறார்கள்.

ஒருநாள் அந்தி நேரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முகமும் கழுத்தும் கன்றிச் சிவந்திருந்தன. நாடி 130, ரத்த அழுத்தம் இறங்குமுகம். பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்றார் மகன். கடித்த தடம் எதுவுமில்லை. ஆனால் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு இழுத்ததுபோல் சிவப்பு. பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் கையைத் தூக்கித்தான் தடவ வேண்டும். மருந்து வழிந்திறங்கிய தடம் அது.

"மது ஏதாவது குடித்தீர்களா?" என்று கேட்டேன். மகன் முறைத்தார். அந்த அம்மாதான் மெல்லச் சொன்னார்: "உடம்பு வலி தாங்கவில்லை டாக்டர், தசமூலாரிஷ்டம் இரண்டு மூடி குடித்தேன்."

அரிஷ்டம் புளிக்கவைத்துச் செய்யும் ஆயுர்வேத மருந்து. அதில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. பாட்டிலிலேயே அளவு அச்சிட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

திராட்சைச் சாறு புளித்தால் ஒயின். ஒயினைத் திறந்துபோட்டால் வினிகர். கல்லீரலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாக்கி, பிறகு வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமாக்குகிறது. சயனமைடு அந்த இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்கிப் படபடப்பு, வாந்தி, தலைவலி, மூச்சுத்திணறல் எல்லாம் வரும். குடியை மறக்கடிக்க ஜப்பானில் சயனமைடையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். பெயரைப் பார்த்துச் சயனைடு என்று பதறுபவர்களும் உண்டு. இது வேறு, சயனைடு விஷத்தின் முறிவு மருந்து இதற்கு உதவாது.

பயிர்களில் சயனமைடைப் பயன்படுத்தும் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் விலக்கிக்கொண்டது. இங்கே நாளைக்கே நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் தடவுவதற்கு முதல் நாளும் தடவிய பின் ஒரு வாரமும் மது, ஒயின், அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் எதுவும் வேண்டாம். மேலே பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் முகம் சிவந்து படபடத்தாலும் மருந்துப் பாட்டிலின் லேபிளோடு மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த அம்மா இரண்டு நாளில் வீடு திரும்பினார். அடுத்த கவாத்துக்கு முன்பு மகன் புதுக் கையுறை வாங்கிவந்து பெருமையாகக் காட்டினார். துணிக் கையுறை. மருந்தை உறிஞ்சி நாள் முழுக்கக் கையோடு ஒட்டவைத்திருக்கும், வெறுங்கையே மேல் என்று சொல்லி, ரப்பர் கையுறை வாங்கத் திருப்பி அனுப்பினேன்.