இன்திஃபாதா என்றால் கலவரமா?

2019 அக்டோபரில் பாக்தாத் இளைஞர்கள் அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கியதைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும் ‘ஈராக் கலவரம்’ என்றே இருக்கிறது. போன வாரம் படித்த கட்டுரையிலும் அதேதான். இறங்கியவர்கள் அதை ‘தவ்ரா’ என்றார்கள், அதாவது புரட்சி. ‘இன்திஃபாதா’ என்றும் சொன்னார்கள். அமெரிக்காவும் மேற்கத்திய உளவு அமைப்புகளும் மூட்டிவிட்ட குழப்பம் என்றார் ஈரானின் உச்சத் தலைவராக இருந்த கமேனி. நம் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது போல.

இன்திஃபாதா, உதறுவதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. விரிப்பில் படிந்த தூசியை உதறுகிறோமே, அந்த உதறல். பாலஸ்தீனத்தில் 1987இல் பிரபலமான சொல் என்றாலும், ஈராக்கியர் தங்களுடைய 1952 போராட்டத்தையே இப்படித்தான் அழைக்கிறார்கள்.

கலவரம் என்றால் நமக்கு என்ன தோன்றும்? இரண்டு கும்பல் மோதியது, கடைகள் அடைத்தன, யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் அப்படியா நடந்தது? ஒரு பக்கத்தில் பாதுகாப்புப் படைகளிடமிருந்து ராணுவத்துக்கான கனமான கண்ணீர்ப்புகைக் குண்டுகள் நேராகத் தலையைக் குறிவைத்து வந்தன. மண்டை ஓட்டைத் துளைத்து ஆட்களைக் கொன்றன. மறுபக்கத்தில் துக்துக், அதாவது நம்மூர் ஆட்டோதான், அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு ஓடியது. ஐ.நா. தூதர் ஹென்னிஸ்-பிளாஸ்கார்ட்டும் சதுக்கத்துக்கு ஒரு துக்துக்கில்தான் போனார். கலவரம் என்று எழுதிவிட்டால் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதே அழிந்துபோகிறது.

சரி, ‘கிளர்ச்சி’ என்று போடலாமே என்பார்கள். ஒரு காலத்தில் நல்ல சொல்தான். ஆனால் 2003இல் அமெரிக்கா படையெடுத்த பிறகு ஈராக்கில் சாலையோரம் குண்டு புதைத்தவர்களையும் நம் பத்திரிகைகள் ‘கிளர்ச்சியாளர்கள்’ என்றே எழுதின. கொடியைப் போர்த்திக்கொண்டு வந்த கல்லூரிப் பையனுக்கும் அதே பெயரா?

வேர்ச்சொல்லே வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர் ஒருவர் ‘உதறல்’ என்றார். உதறல் எடுத்தால் தமிழில் பயம் என்று அர்த்தம், ஐயா!

எழுச்சி போதும். மக்கள் எழுச்சி. தூசி விட்டுப்போகிறது, போகட்டும்.

அப்புறம், சதுக்கத்தின் முழக்கம் ‘நுரீது வதன்’. எங்களுக்குத் தாயகம் வேண்டும் என்று பொருள். ஓரிடத்தில் இதை ‘தனிநாடு கோரிக்கை’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். ஈராக்கியக் கொடியைப் பிடித்துக்கொண்டு எந்தத் தனிநாட்டைக் கேட்டிருப்பார்கள்?