கீமோ சைக்கிளும் காசிமேட்டு ஐஸும்

ஜூன் மாதக் கடைசி. வடசென்னை காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா கீமோவின் ஆறாவது சைக்கிளுக்காக, அதாவது ஆறாவது சுற்று மருந்துக்காக, வந்து உட்கார்ந்திருந்தார். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கீமோ எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் மருத்துவ ஆய்விலும் சேர்ந்திருந்தார். "எப்படி இருக்கீங்கக்கா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றார். ஐந்து சைக்கிளாக இதே கேள்வி, இதே பதில்.

டிரிப்ஸ் போடக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன். விரல்களில் நாலைந்து வெட்டுக் காயங்கள்.

"அருவாமனை பட்டுச்சாக்கா?"

"பட்டுச்சு. பட்டதே தெரியல சிஸ்டர். ரத்தத்தைப் பார்த்துதான் தெரிஞ்சுது."

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஐஸைத் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறதாம். சில்லறையை எண்ணினால் காசு விரலில் நிற்காமல் நழுவுகிறதாம். ஆபரேஷன் ஆன புதிதில் வீட்டில் இருந்தார். பிறகு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றன, இவருக்கும் ஐஸைத் தொடும் வேலை இல்லை. படகுகள் மறுபடி கடலுக்குப் போய் மீன் வந்த பிறகுதான் கைகளின் நிலைமை அவருக்கே புரிந்திருக்கிறது. ஏன் உடனே போன் செய்யவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஆய்வுலேர்ந்து எடுத்துடுவாங்கன்னு எம்பொண்ணு சொல்லிச்சு."

புற்றுநோய் மருத்துவ ஆய்வுகளில் நர்ஸாக இருக்கும் எனக்கு, ஊசி மருந்தைவிடப் பயமானது இந்தப் பதில்தான். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எங்கிருந்து வந்தாலும் ஆய்வில் இருப்பவர்கள் அதை ஒரு பரீட்சை போல நினைக்கிறார்கள். கஷ்டத்தைச் சொன்னால் ஃபெயில் ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். நீங்கள் சொல்லும் கஷ்டத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே ஆய்வு நடக்கிறது. ஒரு மருந்து எத்தனை பேருக்குக் கையை மரக்க வைக்கிறது, எந்தச் சைக்கிளில், எந்த டோஸில் என்பதையெல்லாம் எழுதி வைப்பதுதான் எங்கள் வேலை. நீங்கள் மறைத்தால் உங்களுக்கும் ஆபத்து. நாளைக்கு அந்த மருந்தை வாங்கப்போகும் இன்னொருவருக்கும் ஆபத்து.

அந்த அக்காவுக்குக் கொடுத்த ஊசி மருந்து ஆக்ஸாலிபிளாட்டின். 21 நாளுக்கு ஒரு தடவை ஊசி. அதோடு கேப்சிடபின் மாத்திரை 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. இது வழக்கமான சிகிச்சை. ஆய்வு மருந்து இதற்கு மேல் கூடுதலாக. ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பை இரண்டு விதமாகத் தொந்தரவு செய்யும். ஊசி போட்ட சில நாட்களுக்குக் குளிர்ச்சி பட்டால் விரல் சுருக்கென்று குத்தும். ஜில்லென்று குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். இது பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று சைக்கிள் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போகும் மரத்துப்போதல். ஊசியை நிறுத்திய பிறகும் சில மாதம் அதிகமாகலாம், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். அதனால்தான் ஆரம்பத்திலேயே தெரிய வேண்டும்.

ஜில்லென்று எதையும் குடிக்காதீர்கள் என்று முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் ஐஸிலேயே கை வைத்துப் பிழைப்பவரிடம் வேலைக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. அது என் தவறு. இப்போதெல்லாம் "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டு விடுவதில்லை. ரவிக்கை கொக்கி போட முடிகிறதா? செருப்பு காலிலிருந்து கழன்றால் தெரிகிறதா? ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போனீர்கள்? இப்படிக் கேட்டால் பதில் வருகிறது. நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

டாக்டர் அன்றைக்கு ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவைத்தார். மாத்திரை தொடர்ந்தது. அக்கா ஆய்விலேயே இருந்தார். டோஸைக் குறைப்பது, ஒரு வாரம் தள்ளிப்போடுவது, ஒரு மருந்தை மட்டும் நிறுத்துவது எல்லாம் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருக்கும். "கவுன்ட் ஏறல, அடுத்த வாரம் வாங்க" என்று, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை இன்னும் ஏறவில்லை என்று சொன்னால் அழுதுவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை. எலும்பு மஜ்ஜைக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆய்வு மருந்தே ஒத்துக்கொள்ளாமல் நிறுத்த வேண்டி வந்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. நீங்களாக விலக நினைத்தாலும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்து வாங்கும் நாளில் இன்னொரு பயம் வரும். படிவத்தில் நாமினி பெயர் கேட்போம். உடனே வீட்டில் ஒருவர் முகம் மாறும். "செத்துப்போயிடுவாங்கன்னு முன்னாடியே எழுதி வாங்குறீங்களா?" புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019 படி அந்தப் பெயர் இருக்க வேண்டும். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு சரியான ஆளுக்குப் போய்ச் சேருவதற்காக, அதாவது உங்கள் பாதுகாப்புக்காக. ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இலவசம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் பெரிய பாதிப்பு என்றால், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் கம்பெனிக்கும், ஆய்வில் இருப்பவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இவ்வளவு பேர் பார்க்கும் சிகிச்சையில் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா? படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சொந்தம், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"அம்மாவுக்கு கேன்சர்னு தெரியாது, நாங்க கையெழுத்து போடறோம்" என்று பிள்ளைகள் வருவார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நோயாளிக்குத் தன் நிலைமை புரியும்போது அவருக்கே தெரியாமல் ஆய்வில் சேர்க்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் படித்துச் சொல்லிக் கைநாட்டு வாங்க வேண்டும். அப்படி உட்கார்ந்து சொன்ன பிறகு, "எனக்கு முன்னாடியே தெரியும்மா, புள்ளைங்க வருத்தப்படுமேன்னு கேக்கல" என்று சொன்ன தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு கவனிக்க வேண்டியதில் முதலாவது காய்ச்சல். பெரும்பாலான கீமோவில் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணு குறைந்திருக்கும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டுத் தூங்காதீர்கள். முதலில் எங்களுக்குப் போன், பிறகு ஆஸ்பத்திரி. எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையை நினைத்து யோசிப்பார்கள். 108-ஐ அழையுங்கள். நாங்கள் கொடுத்த ஆய்வு அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஆஸ்பத்திரி டாக்டரும் அதைப் பார்த்து எங்களைக் கூப்பிடலாம்.

வயிற்றுப்போக்கும் அப்படித்தான். கேப்சிடபின் சாப்பிடும்போது வழக்கத்தைவிட நாலு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால், அல்லது ராத்திரியில் எழுந்து போக வேண்டி வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் போன் செய்யுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் சத்து மாத்திரை வாங்கும் பழக்கமும் இருக்கிறது. அதில் ஃபோலிக் ஆசிட் இருந்தால் கேப்சிடபினின் பக்கவிளைவு கூடிவிடும். நாட்டு மருந்து, கஷாயம், உறவினர் கொடுத்த பொடி எதுவானாலும் பாட்டிலோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டோம். எங்களுக்குத் தெரியாமல் சாப்பிட்டால் எது எதனால் வந்தது என்று எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

மழைக்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் சைக்கிள் வருகிறவர்கள் முன்கூட்டியே எங்களிடம் பேசுங்கள். வர வேண்டிய தேதிக்கு ஓரிரு நாள் முன்பின் இடம் இருக்கும். பயணச் செலவு தருகிறார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அக்கா இப்போது ஐஸ் வேலையை மருமகளிடம் விட்டுவிட்டார். தராசு மட்டும் அவர் கையில். நாங்கள் கொடுத்த டைரியில் எழுத அவருக்கு வரவில்லை. அதனால் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் பேரன் எழுதித் தருகிறான். 'வாந்தி 2.' 'கை எரிச்சல்.' 'இன்னிக்கு நல்லா சாப்ட்டுச்சு ஆயா.' ரப்பர் பேண்ட் போட்டு மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பார். நான் ஒவ்வொரு தாளாகப் பார்த்து எங்கள் பதிவேட்டில் ஏற்றுவேன். போன தடவை 21 நாளுக்கும் 21 தாள் இருந்தது.