கட்டுரை நூறு தளத்தில், ஈ ஓட்டுவது உங்கள் தளத்தில்

புதுச்சேரி ஒயிட் டவுனில் விடுதி நடத்துகிறவர், பண்ருட்டியிலிருந்து ஆன்லைனில் முந்திரி விற்கிறவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல் மருத்துவமனை வைத்திருப்பவர். ஆள் யாராக இருந்தாலும் கையில் கொண்டுவரும் எக்செல் கோப்பு ஒன்றுதான். "உங்கள் கட்டுரையை 150 தளங்களில் வெளியிட்டுவிட்டோம்" என்று மேலே ஒரு வரி, கீழே 150 லிங்க். பணம் கட்டியாகிவிட்டது. அப்புறம் வருகிறது கேள்வி: "இத்தனை இடத்தில் வந்தும் கூகுளில் நம்ம தளம் ஏன் சார் வரலை?"

வராது. அந்த லிங்க்குகளைத் திறந்து பாருங்கள். பல தளங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. சிலவற்றில் கட்டுரை இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. பெயர் இருந்தால் லிங்க் உங்கள் முகப்புப் பக்கத்துக்குப் போகும், கட்டுரைக்குப் போகாது. 2011 பிப்ரவரியில் தரம் குறைந்த தளங்களைத் தேடலில் கீழே தள்ளும் பாண்டா அப்டேட்டைக் கூகுள் கொண்டுவந்தபோதே இந்தக் கட்டுரைக் கிடங்குகளின் காலம் முடிந்துவிட்டது. பேக்கேஜ் விற்கிறவர்களுக்கு மட்டும் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலும். காசு கொடுத்து வாங்கிய லிங்க்கில் 'ஸ்பான்சர்டு' (காசு கொடுத்தது) அல்லது 'நோஃபாலோ' (இந்த லிங்க்கைப் பரிந்துரையாக எண்ணாதே) என்ற குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி இல்லாவிட்டால் அது லிங்க் ஸ்பேம், அதாவது தேடலை ஏமாற்றும் லிங்க் கணக்கில் சேரும். பேக்கேஜில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்.

சிண்டிகேஷன் என்கிற மறுவெளியீடு தவறான வேலை அல்ல. வாசகர் உண்மையிலேயே இருக்கும் இரண்டு மூன்று இடங்கள் போதும். எந்தப் பிரதி முதன்மை, வருகையை எப்படி எண்ணுவது என்ற இரண்டையும் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். பேசாமல் கொடுத்தால் அடுத்தவர் தளத்துக்கு இலவசமாக எழுதித் தருகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒன்று: "ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் கூகுள் பெனால்டி போட்டுவிடும்." போடாது. நகல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெனால்டி கிடையாது. இதைக் கூகுளே பலமுறை சொல்லிவிட்டது. ஒரே உள்ளடக்கம் நான்கு முகவரியில் கிடைத்தால் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டி, அதில் ஒன்றை மட்டும் தேடலில் காட்டும். மற்ற மூன்றுக்கும் தண்டனை எதுவும் இல்லை. அவை முன்னால் வரவில்லை, அவ்வளவுதான். முன்னால் வரும் அந்த ஒன்று உங்களுடையதாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முதலில் வெளியிட்டவர் நீங்கள் என்பதாலேயே உங்களைத் தேர்ந்தெடுத்துவிடும் என்பதும் இல்லை. உங்கள் கட்டுரையை வாங்கிப் போட்டது பெரிய செய்தித் தளமாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் மேலே நிற்கும்.

இல்லாத பெனால்டிக்குப் பயந்து செய்கிற வேலைதான் நிஜமான கேடு. கட்டுரையை மென்பொருளில் போட்டு, சொல்லுக்குச் சொல் மாற்றி, பத்து 'புதுக் கட்டுரை' செய்துவிடுகிறார்கள். கடலூர் முதுநகர் 'கடலூர் வயதான நகரம்' ஆகிவிடுகிறது. அலையாத்திக் காடு 'அலை இல்லாத வனம்' ஆகிறது. சிரிப்பு வருகிறது என்பது ஒருபுறம். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாகக் கட்டுரை உற்பத்தி செய்வதற்கு எதிராக 2024 மார்ச்சில் கூகுள் சேர்த்த ஸ்பேம் விதியில், இப்படி அதே பொருளில் வேறு சொல் போட்டு மாற்றிக் குவிப்பது நேரடியாகவே வருகிறது. அதாவது, நேர்மையான நகலுக்கு இல்லாத ஆபத்து, மாறுவேடம் போட்ட நகலுக்கு உண்டு. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

இதோடு ஒட்டிய ஒரு சந்தேகம் புதுச்சேரியில்தான் அதிகம் வரும். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் ஒரே கட்டுரை போட்டால் நகலா? இல்லை. ஒழுங்கான மொழிபெயர்ப்பு நகல் ஆகாது. எந்தப் பக்கம் எந்த மொழி என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியில் மூன்று பக்கங்களும் தன்னையும் மற்ற இரண்டையும் சுட்ட வேண்டும். ஒன்று சுட்டி மற்றது திரும்பச் சுட்டாவிட்டால் கூகுள் அந்தக் குறியைக் கணக்கில் எடுக்காது.

முதன்மைப் பிரதிக்கு வருவோம். "கேனானிக்கல் டேக் போட்டாச்சு" என்று இன்னமும் நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. 'இதுதான் முதன்மைப் பக்கம்' என்று கூகுளுக்குச் சொல்லும் குறி அது, ஆனால் வெறும் பரிந்துரை. கூகுள் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மறுவெளியீட்டுக்கு அதை நம்ப வேண்டாம், கட்டுரையை வாங்கிப் போடும் கூட்டாளித் தளமே தன் பிரதிக்கு 'நோஇண்டெக்ஸ்' (தேடலில் சேர்க்காதே என்ற குறி) போடுவதுதான் பலன் தரும் என்று 2023-இல் கூகுள் தன் வழிகாட்டுதலையே மாற்றிவிட்டது. காரணம் எளிது. கூட்டாளியின் பக்கத்தில் உங்கள் கட்டுரையைச் சுற்றி அவர்களுடைய தலைப்பு, மெனு, மற்ற செய்திகள் எல்லாம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. நோஇண்டெக்ஸ் போட்ட பக்கத்தையே, எதைத் திறக்கக் கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுகிறார்கள், இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து. தடுத்த பக்கத்தைக் கூகுள் திறக்காது. திறக்காவிட்டால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. நோஇண்டெக்ஸ் மட்டும் போதும்.

செய்தித் தளங்கள் நோஇண்டெக்ஸுக்கு ஒப்புக்கொள்வது அபூர்வம். அப்போது முழுக் கட்டுரையைக் கொடுக்காதீர்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அவர்கள் வாசகருக்கென்று தனியாக எழுதிய சுருக்கம், அதன் நடுவிலேயே மூலக் கட்டுரைக்கு ஒரு லிங்க். முழுசாகத்தான் வேண்டும் என்றால் உங்கள் தளத்தில் முதலில் போட்டு, உங்கள் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், யூஆர்எல் (பக்கத்தின் முகவரி) இன்ஸ்பெக்ஷன் பகுதியில் பக்கம் இண்டெக்ஸ் ஆனது, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்ந்தது உறுதியான பிறகே அனுப்புங்கள். அனுப்பிச் சில வாரம் கழித்து அதே இடத்தில் 'கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிக்கல்' என்ற வரியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வேறு தளத்தின் முகவரி இருந்தால் உங்கள் பக்கம் ஓரங்கட்டப்பட்டுவிட்டது. மீடியம் (Medium) என்ற வலைப்பதிவுத் தளத்தில் 'இம்போர்ட்' வழியாக ஏற்றினால் கேனானிக்கல் தானாக உங்களைக் காட்டும், காப்பி-பேஸ்ட் செய்தால் காட்டாது. லிங்க்டின் கட்டுரையில் அந்த வசதியே இல்லை, அங்கே சுருக்கம்தான் சரி.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: செட்டிங்ஸ், ரீடிங், அதில் ஃபீடுக்கு (புதுப் பதிவுகளை மற்றவர்கள் தானாக எடுத்துக்கொள்ள உங்கள் தளம் வெளியிடும் பட்டியல்) 'முழு உரை'க்குப் பதில் 'எக்செர்ப்ட்', அதாவது சுருக்கம். கேட்காமலே அள்ளிக்கொண்டு போகிற தளங்களுக்கு இந்த ஆர்எஸ்எஸ் ஃபீடுதான் வாசல்.

இனி கண்காணிப்பு. வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் (ஜிஏ4) ரிப்போர்ட்டில் 'டைரக்ட்' என்று வீங்கிக் கிடக்கும் எண்ணைப் பார்த்து "நம்ம பேரைத் தெரிஞ்சு நேரா வர்றாங்க" என்று மகிழ்வார்கள். அதில் பெரும் பகுதி வாட்ஸ்அப் குழுவிலும் செயலிகளிலும் லிங்க்கைத் தட்டி வந்த கூட்டமாக இருக்கலாம். எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவல் வழியிலேயே உதிர்ந்துவிடுவதால் டைரக்டில் விழுகிறார்கள். இணையதளத்திலிருந்து வந்தாலும் முழு விவரம் கிடைக்காது. இப்போதைய பிரவுசர்கள் இயல்பாகத் தளத்தின் பெயரை மட்டும்தான் அனுப்பும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஆகவே கூட்டாளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லிங்க்கிலும் யூடிஎம் (எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்க்கும் குறிச்சொற்கள்) ஒட்டியே கொடுங்கள். அதில் மூன்று இடம் உண்டு: 'சோர்ஸ்' என்ற இடத்தில் தளத்தின் பெயர், 'மீடியம்' என்ற இடத்தில் 'ரெஃபரல்', 'கேம்பெயின்' என்ற இடத்தில் கட்டுரையின் சுருக்கப் பெயர். மூன்றும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் ஜிஏ4 ஒரே தளத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும். 'மீடியம்' இடத்தில் 'சிண்டிகேஷன்' என்று சொந்தமாக ஒரு சொல்லைப் போட்டால் வருகை 'அன்அசைன்டு' என்ற வகை தெரியாத கூடையில் விழும். பிறகு "ரிப்போர்ட் தப்பா காட்டுது" என்பார்கள். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யூடிஎம் ஒட்டவே ஒட்டாதீர்கள், வந்தவர் எங்கிருந்து வந்தார் என்ற விவரத்தை அது குழப்பிவிடும்.

லிங்க் ரீடைரக்ட் வழியாக, அதாவது இடையில் வேறொரு முகவரியைத் தொட்டுப் போகிறதா என்று ஒரு முறை நீங்களே தட்டிப் பாருங்கள். சில ரீடைரக்ட் அமைப்புகள் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும், யூடிஎம் முழுதும் போய்விடும். ஜிஏ4-இல் டேட்டா ரிடென்ஷன் (விவரங்களை வைத்திருக்கும் காலம்) இயல்பாக 2 மாதம்தான். 14 மாதமாக மாற்றாவிட்டால் அடுத்த டிசம்பர் சீசனில் போன டிசம்பரை, விவரமாக அலசும் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் ஒப்பிட முடியாது. செய்தித் திரட்டிச் செயலிகள் கட்டுரையைத் தங்கள் திரையிலேயே காட்டினால் அந்த வாசிப்பு உங்கள் கணக்கில் வரவே வராது. மாதாமாதம் எண்ணிக்கை தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை. யூஆர்எல்லில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக விரியும். 'புதுச்சேரி' என்ற ஒரு சொல், புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் 10 குறி, ஆக 90 எழுத்து. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு விடும் இடம் மொத்தம் 200. இரண்டு சொல்லுக்கு மேல் போனாலே வால் வெட்டுப்படும். வெட்டு சில சமயம் எழுத்துக்கு நடுவில் விழுந்து கடைசிச் சொல்லின் புள்ளி காணாமல் போகும். கூட்டாளித் தளத்தில் ஒட்டும்போது சதவீதக் குறிகள் நிரம்பிய நீளச் சரம் பாதியில் முறிந்து லிங்க் செத்துவிடும். கட்டுரை தமிழில் இருக்கட்டும், பக்கப் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக இருக்கட்டும். தமிழ்ப்பற்று இதில் குறைந்துவிடாது.

(ரிப்போர்ட்டை சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் திறந்ததும் தமிழ்த் தலைப்பெல்லாம் கிறுக்கலாகத் தெரிகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்கு: இரட்டைக் கிளிக் வேண்டாம். டேட்டா மெனுவில் 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக இறக்கி, யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.)

திருத்தம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம் கடற்கரையில் அது விளையாட்டு அல்ல. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் 'ஃபெஞ்சல்' புயல். புயல் நேரத்தில் எழுதும் கட்டுரையில் உதவி எண்ணோ, மூடிய சாலையோ, விடுதி ரத்து விதியோ இருக்கும். உங்கள் பக்கத்தில் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவீர்கள். கொடுத்த இடங்களில் பழையதே கிடக்கும், அடுத்த புயலுக்கு யாரோ அதையே ஃபார்வர்டு செய்வார்கள். மாறக்கூடிய தகவலை, பிச்சாவரம் படகுக் கட்டணம் உட்பட, வெளியே கொடுக்கும் பிரதியில் எழுதாதீர்கள். "இன்றைய நிலவரம் இங்கே" என்று உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். பழைய பிரதியை நீக்கவோ திருத்தவோ எத்தனை மணி நேரம் எடுப்பார்கள் என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்குவது என்றதும் முகம் சுளிக்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில், கையொப்பத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆறு மாதம், இணையத்தில் மட்டும், அவர்களுக்கு மட்டுமேயான உரிமை இல்லை என்று ஒரு மின்னஞ்சலாவது முன்கூட்டியே போகட்டும். உங்களிடம் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த நண்பரின் கட்டுரை என்றால் உரிமை அவருடையது, அவரைக் கேட்காமல் நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது.

திருட்டுப் பிரதியைப் பிடிக்க மாதம் ஒரு முறை உங்கள் கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முதல் வாக்கியம் வேண்டாம், திருடுகிறவர்கள் அதை மட்டும் மாற்றுவார்கள். கண்டால் ஃபேஸ்புக்கில் திட்டி எழுதுவதற்கு முன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்துக்கு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால், உங்கள் முகவரி, அவர்கள் முகவரி இரண்டையும் கொடுத்துக் கூகுளின் பதிப்புரிமை நீக்கப் படிவம். பிரதி வேறொருவரின் மேடையில் (பலரும் பதிவிடும் சமூக ஊடகம் போன்ற தளத்தில்) இருந்தால், 2013 பதிப்புரிமை விதிகளின்படி எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்த மேடை அணுகலை நிறுத்த வேண்டும். அந்த நிறுத்தம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு போய்ச் சேராவிட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம், எனவே வழக்கறிஞரைப் பார்ப்பதாக இருந்தால் முதல் வாரத்திலேயே பாருங்கள்.