விடிய விடிய மைக் பிடிப்பவர்களுக்கு

பொங்கல் முடிந்ததும் என் கிளினிக்குக்குக் கரகரத்த குரல்கள் வரத் தொடங்கும். பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் எருது விடும் விழாவிலும், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் கபடிப் போட்டியிலும் மைக் பிடிக்கும் பையன்கள். "தொண்டை கட்டிக்கிச்சு டாக்டர், ஞாயித்துக்கிழமை மறுபடியும் மேட்ச் இருக்கு, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பார்கள்.

அவர்கள் செய்வது லேசான வேலை இல்லை. எருது விடும் திடலில் எந்தக் காளை எத்தனை நொடியில் ஓடியது என்று சொல்வதும், பாதையில் நிற்பவர்களை விலகச் சொல்வதும் அந்த ஒரு குரல்தான். போதாததற்கு யூடியூப் நேரலை. வானொலி வர்ணனையாளர் ஸ்கோரையும் ஆட்டத்தின் போக்கையும் விடாமல் சொல்லியாக வேண்டும், கேட்பவருக்கு வேறு வழியில்லை. டிவியில் என்றால் திரையில் படம் இருப்பதால் வர்ணனையாளர் இடையிடையே பேச்சை நிறுத்தலாம். நம் ஊரில் மைதானத்துக்கும் செல்போனுக்கும் ஒரே ஆள் பேசுகிறார். பெரிய போட்டிகளை டிவியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். இங்கே சாயங்காலம் தொடங்கி விடியும்வரை ஒரே தொண்டை.

ஆண்களின் குரல் நாண்கள் சாதாரணப் பேச்சிலேயே நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஒன்றோடொன்று தட்டுகின்றன. கத்தும்போது வேகமும் கூடுகிறது, அடியும் பலமாக விழுகிறது. இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே சின்னச் சின்ன முடிச்சுகள் விழுந்து, மூடும்போது இடைவெளி விட்டுக் காற்று கசியும். அதுதான் அந்தக் கரகரப்பு.

சரி, மைக் இருக்கும்போது ஏன் கத்துகிறார்கள்? ஒலிபெருக்கி கூட்டத்தைப் பார்த்து இருக்கிறது, அறிவிப்பாளர் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். சுற்றி இரைச்சல். தன் குரல் தனக்குக் கேட்காதபோது யாருக்கும் தானாகவே சத்தம் ஏறிவிடும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சொல்லி உங்கள் பக்கம் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள், அல்லது ஒரு காதில் ஹெட்போன் மாட்டுங்கள். மைக்கை வாயருகே நெருக்கிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற சத்தத்தில் பேசினால் போதும். கத்தினால் நேரலையில் ஒலி பிளந்துதான் போகும். ரைடர் கோட்டைத் தாண்டும் அந்த நொடிக்கு மட்டும் குரலை ஏற்றுங்கள். அப்போதுதான் கேட்பவருக்கும் சிலிர்க்கும்.

கற்கண்டு, மிளகு, சோடா எல்லாம் உணவுக்குழாய் வழியாகப் போகின்றன, குரல் நாணைத் தொடுவதே இல்லை. தண்ணீரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், ஆவி பிடியுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். குரல் கட்டியபோது குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது. நடுராத்திரியில் பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி நாணைப் புண்ணாக்கும்.

ஊசிக்கு வருகிறேன். அதில் இருக்கும் ஸ்டீராய்டு மருந்து வீக்கத்தை வடித்துவிட்டு, காயம்பட்ட நாணை மறுபடி கத்த வைக்கும். கத்தும்போது திடீரென்று குரல் நின்றுபோனால் நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றோடு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால், முக்கியமாகப் பீடி, சிகரெட், ஹான்ஸ் பழக்கம் இருந்தால், புற்றுநோய் இல்லை என்பதையும் உறுதி செய்தாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். கேமரா வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆரம்ப நிலை முடிச்சுகள் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல், குரல் பயிற்சியிலேயே கரைந்துவிடும்.