பைப்புக்குள்ள கேமரா, தரைக்கு மேல சிக்னல்: ட்ரைனேஜ் அடைப்பு எங்கன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

வீட்டு ட்ரைனேஜ் அடைச்சுக்கிட்டா நம்ம ஊர்ல மொதல்ல வர்றது மூங்கில் பிளாச்சு, அது சரிப்படலன்னா ஸ்பிரிங் கம்பி, அதுக்கும் அசையலன்னா கொத்தனார் வந்து தரைய ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு "இங்கதான் சார் இருக்கும், ஒடச்சிரலாம்"பாரு. சில சமயம் சரியா இருக்கும். பல சமயம் நாலு டைல்ஸ் ஒடஞ்சதுக்கப்புறம் "இல்ல சார், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்" ஆயிடும். இப்ப சில பிளம்பருங்க பைப் கேமரா கொண்டு வர்றாங்க. எல்லாரும் அந்த ஸ்க்ரீனையே வேடிக்கை பாக்குறாங்க, ஆனா என்னைக் கேட்டா அந்த மெஷின்ல நெஜமான மூளை வேலை வீடியோ இல்ல, வேற ஒண்ணு. அதுக்கு வர்றேன், மொதல்ல கேமராவப் பாத்துருவோம்.

கேமரா தலை ஒரு இஞ்ச்ல இருந்து ஒன்றரை இஞ்ச் தடிமன் இருக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை, நடுவுல லென்ஸ், சுத்தி எல்.இ.டி லைட்டு. நல்ல மாடல்கள்ல லென்ஸுக்கு முன்னாடி இருக்குற கண்ணாடி சாதாரண கண்ணாடி இல்ல, செயற்கை நீலக்கல், அதாவது சஃபையர். காரணம் சிம்பிள், ட்ரைனேஜுக்குள்ள மணல் இருக்கும், மணல்ல குவார்ட்ஸ் இருக்கும், கடினத்துக்கான மோஸ் அளவுல குவார்ட்ஸ் 7, சஃபையர் 9, அதனால மணல் ஒரசினாலும் கீறல் விழாது. அப்புறம் நிறைய மாடல்ல கேமரா சென்சார ஒரு பக்கம் கனமா வச்சு உள்ளயே சுத்துற மாதிரி வச்சிருப்பாங்க, கேபிள் எப்படி முறுக்கினாலும் கனமான பக்கம் கீழ வந்துரும், படம் நேரா நிக்கும். இது இல்லன்னா தண்ணி மேல ஓடுற மாதிரி தெரியும், விரிசல் பைப்போட கூரையிலயா தரையிலயான்னே புரியாது.

தலைக்குப் பின்னாடி வளையுறதுக்கு ஒரு ஸ்பிரிங், அதுக்குப் பின்னாடி ஃபைபர்கிளாஸ் தண்டு, அதுக்குள்ளயே ஒயர். கையால தள்ளணும், மோட்டார் கிடையாது. ரீல்ல ஒரு கவுன்டர் இருக்கும், எத்தன மீட்டர் உள்ள போயிருக்குன்னு ஸ்க்ரீன் ஓரத்துல ஓடிக்கிட்டே இருக்கும். டாய்லெட் வழியா விட மாட்டாங்க, அங்க நாத்தம் வராம இருக்க தண்ணி தேங்குற வளைவு இருக்கு, அதுல சிக்கும். வெளிய இருக்குற சேம்பர் மூடியத் தொறந்து அங்கருந்துதான் விடுவாங்க. தள்ளுறதுலயும் ஒரு இயற்பியல் இருக்கு. கயித்த ஒரு தூண்ல ரெண்டு சுத்து சுத்தினா மாடே இழுத்தாலும் வராதுல்ல, அதே கணக்குதான், ஒவ்வொரு வளைவும் உராய்வ கூட்டாது, பெருக்கும். உராய்வு எண் 0.3ன்னு வச்சுக்கிட்டா ஒரு 90 டிகிரி பெண்டுக்கு சுமார் 1.6 மடங்கு பலம் வேணும், மூணு பெண்டு வந்தா 4 மடங்குக்கு மேல. அதனாலதான் நேர் லைன்ல 30 மீட்டர் சுலபமா போற தண்டு, பெண்டு நிறைய இருக்குற வீட்ல 10 மீட்டர்லயே முக்கும்.

சரி, உள்ள என்ன தெரியும்? சென்னை பழைய வீடுகள்ல நிறைய ஸ்டோன்வேர் பைப், ப்ரவுன் கலர்ல பளபளன்னு இருக்குமே அதுதான். ஒரு பைப் ரெண்டடி நீளம்தான், ஜாயின்ட்ல சணல் வச்சு சிமென்ட் பூசியிருப்பாங்க. ஸ்க்ரீன்ல பாத்தா ஒவ்வொரு 60 சென்டிமீட்டருக்கும் ஒரு வளையம் வந்து போகும். 15 மீட்டர் லைன்னா கிட்டத்தட்ட 25 ஜாயின்ட்டு, ஒவ்வொண்ணும் வேருக்கு ஒரு வாசல். வெயில் காலத்துல மண்ணு காயும், சிமென்ட் விரிசல்ல மட்டும் லேசா ஈரம் கசியும், வேப்பமரமோ அரசமரமோ பக்கத்துல இருந்தா மயிர் மாதிரி ஒரு வேர் அங்க நுழையும், உள்ள வந்ததும் தண்ணிக்கு தண்ணி, உரத்துக்கு உரம், சும்மா இருக்குமா. வளையத்தோட மேல் பக்கத்துல இருந்து பொசபொசன்னு தாடி மாதிரி தொங்கும், அதுல சோறு, துணி நூலு, முடி எல்லாம் மாட்டிக்கிட்டு சோப்பு நுரை வழிஞ்சுக்கிட்டு இருக்கும். பிளாச்சு விட்டா அந்தத் தாடியில ஓட்ட விழும், தண்ணி போகும், எல்லாரும் சந்தோஷமா மூடியப் போட்டுருவாங்க, ஆனா வேர் அங்கயேதான் இருக்கு, திரும்ப வளரும்.

கிச்சன் லைன்ல வேற கதை. எண்ணெய் ஆறினா ஒட்டும்ங்கிறது மட்டும் இல்ல, எண்ணெய்ல இருக்குற கொழுப்பு அமிலம் உப்புத் தண்ணியில இருக்குற கால்சியத்தோட சேர்ந்து கெட்டியான ஒரு சோப்பா மாறிடும். அது வெந்நீர் ஊத்தினா கரையுற ஜாதி இல்ல.

ஆனா கேமராவுல மட்டும் தெரியுற வியாதின்னா அது வாட்டம், அதாவது பைப்போட சரிவு, கெட்டுப் போறது. 6 இஞ்ச் பைப்புக்கு வழக்கமா 60 அடிக்கு ஒரு அடி எறக்கம் குடுப்பாங்க, நம்ம 15 மீட்டர் லைனுக்கு மொத்தமே 25 சென்டிமீட்டர்தான். கீழ மண்ணு சரியா கெட்டிக்காம விட்டிருந்தா, இல்ல மேல காரு ஏறி எறங்கி அழுத்தினா, ஒரு எடத்துல பைப் தொய்ஞ்சிரும். ஸ்க்ரீன்ல எப்படித் தெரியும்னா, கேமரா போயிட்டே இருக்கும், கீழ இருந்து தண்ணி மட்டம் மெதுவா ஏறும், பாதி லென்ஸ், முழு லென்ஸ், அப்புறம் ஒரே கலங்கல், ரெண்டு மீட்டர் கழிச்சு திரும்ப வெளிய வரும். பைப் ஒடையல, அடைப்பும் இல்ல, ஆனா கனமான சமாச்சாரம் எல்லாம் அந்தப் பள்ளத்துலதான் தங்கும். இத எத்தன தடவ கிளீன் பண்ணாலும் தீராது, தோண்டி வாட்டத்த சரி பண்ணணும்.

இப்ப தோண்டணும்னா எங்க? கவுன்டர் 12 மீட்டர்னு சொல்லுது, ஆனா பைப் தரைக்கடியில எப்படி வளஞ்சு போகுதுன்னு யாருக்குத் தெரியும், வீடு கட்டின ப்ளான்ல ஒண்ணு இருக்கும், கொத்தனார் போட்டது வேறயா இருக்கும். இங்கதான் நான் சொன்ன மூளை வேலை. கேமராவுக்குப் பின்னாடி சோண்ட்னு ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் இருக்கு, ஒரு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான்) தண்டு மேல காயில் சுத்தி செகண்டுக்கு 512 தடவ மாறுற காந்தப் புலத்த விடும். ஏன் 512? ரெண்டு காரணம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 தடவ மாறும், அதோட மடங்குகள் 450, 500, 550ன்னு வீட்டச் சுத்தி இரைச்சலா இருக்கும், அமெரிக்காவுல 60, அங்க 480, 540. 512 இந்த ரெண்டு வரிசையிலயும் சிக்காது. இன்னொண்ணு, காஸ்ட் அயர்ன் பைப்பா இருந்தா வேகமா மாறுற புலத்த இரும்பு உள்ளயே அடக்கிரும், மெதுவா மாறுறது மட்டும்தான் வெளிய வரும், 512 அந்த ரகம்.

மேல ஒருத்தர் லொக்கேட்டர் குச்சிய வச்சுக்கிட்டு நடப்பாரு. கேமராவுக்கு நேர் மேல சிக்னல் உச்சத்துக்கு வரும். ஆழம் கண்டுபிடிக்கிறதுதான் அழகு. காந்தப் புலம் தூரத்தோட கனத்துக்கு (தூரம் x தூரம் x தூரம்) ஏத்த மாதிரி குறையும், ரெட்டிப்பு தூரம் போனா எட்டுல ஒரு பங்குதான். குச்சியில மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு காயில், நடுவுல அரை மீட்டர்னு வச்சுக்கோங்க. கேமரா 1 மீட்டர் ஆழத்துல இருந்தா கீழ் காயிலுக்கு வர்ற சிக்னல் மேல் காயிலவிட 3.4 மடங்கு, 2 மீட்டர்ல இருந்தா 2 மடங்குக்கும் கொஞ்சம் கம்மி. ஆக ரெண்டையும் வகுத்தாலே ஆழம் வந்துருது, டிரான்ஸ்மிட்டரோட பேட்டரி கொறஞ்சிருந்தாலும் கவலை இல்ல, ஏன்னா விகிதம் மாறாது. சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டு பக்கத்துல ஆழத்தையும் எழுதிருவாரு, அந்த ஒரு டைல் மட்டும் ஒடச்சா போதும்.

எல்லாம் தெரியும்னு இல்ல. பைப்புக்கு வெளிய மண்ணு அரிச்சிருக்கா, மயிரிழை விரிசல்ல கசிவு இருக்கான்னு கேமரா சொல்லாது. லைன் முழுக்க கழிவு நெறஞ்சிருந்தா ஒண்ணும் தெரியாது, மொதல்ல ஜெட்டிங், அதாவது வேகமா தண்ணி பீய்ச்சி அடிச்சு கழுவிட்டுதான் விடணும். ஆனா ஆள எறக்குற பேச்சே வேண்டாம்ங்கிறது பெரிய விஷயம். கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம சாக்கடைக்குள்ளயோ செப்டிக் டேங்குக்குள்ளயோ ஆள எறக்கினா மொத தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். உள்ள இருக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தம் போயிருச்சுன்னு ஆளு நெனைக்கிறப்பதான் ஆபத்து அதிகம்.

ஆள் கூப்பிட்டீங்கன்னா வீடியோவ பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கோங்க, மீட்டர் நம்பர் ஸ்க்ரீன்ல தெரியணும். வேலை முடிச்சதும் ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திட்டு மறுபடி கேமரா விடச் சொல்லுங்க, பழைய எடத்துல இன்னும் தண்ணி நின்னுச்சுன்னா பேமென்ட் குடுக்காதீங்க.