பழைய கேம் சிடி புதுக் கணினியில் ஏன் ஏற மறுக்கிறது?

'ரெட் அலர்ட்' சிடியைப் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். லேப்டாப்பில் சிடி டிரைவே இருக்காது என்பதால் யுஎஸ்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டியிருப்பார்கள். செட்டப் கோப்பை இருமுறை கிளிக் செய்ததும், இதை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்று ஒரு அறிவிப்பு வரும். பலரும் அந்த இடத்திலேயே சிடியை உறைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். உள்ளே இருக்கும் கேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கணினியில் ஏற்றிவைக்கும் செட்டப்புக்குத்தான் இங்கே வேலையில்லாமல் போய்விட்டது.

வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் 1996-இல் வெளியிட்ட இந்த கேமின் விண்டோஸ் 95 பதிப்பு 32 பிட் நிரல். ஒரு நிரல் ஒரே மூச்சில் எவ்வளவு பெரிய எண்ணைக் கையாளும் என்பதைத்தான் இந்த 'பிட்' கணக்கு சொல்கிறது. இன்றைய 64 பிட் விண்டோஸ், 32 பிட் நிரல்களை இன்னமும் ஓட்டுகிறது. ஆனால் அதே சிடியில் இருக்கும் செட்டப் 16 பிட் நிரல்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோப்பின் உள்ளே இருப்பதை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் செட்டப் கோப்பைத் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் 'எம்', 'இசட்'. மைக்ரோசாஃப்ட்டில் இந்தக் கோப்பு வடிவத்தை உருவாக்கிய மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து இன்றுவரை விண்டோஸில் ஓடும் நிரல்களின் தலையில் இந்த முத்திரைதான். கோப்பின் தொடக்கத்திலிருந்து 60 பைட் தள்ளி ஒரு எண் இருக்கும். நிரலைப் பற்றிய உண்மையான விவரக் குறிப்பு எங்கே தொடங்குகிறது என்று அது காட்டும். அந்த இடத்துக்குப் போனால் மறுபடி இரண்டு எழுத்துகள். 'பி', 'இ' என்றிருந்தால் 32 அல்லது 64 பிட். 'என்', 'இ' என்றிருந்தால் 16 பிட் விண்டோஸ் நிரல், அதாவது நம்முடைய வில்லங்கம்.

கேமை 32 பிட்டில் எழுதியவர்கள் செட்டப்பை மட்டும் ஏன் 16 பிட்டில் விட்டார்கள்? அன்று பல வீடுகளில் விண்டோஸ் 3.1 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாராவது சிடியைப் போட்டால், 'உங்களுக்கு விண்டோஸ் 95 தேவை' என்று சொல்வதற்காவது செட்டப் திறக்க வேண்டும். 16 பிட் நிரல் இரண்டிலும் ஓடும். அந்தக் காலத்துக்கு அது மிகச் சரியான முடிவு.

சரி, 64 பிட் விண்டோஸ் ஏன் இதைக் கைவிட்டது? டாஸ் நிரல்களுக்குக் காரணம் புராசஸரிலேயே இருக்கிறது. டாஸ் நிரல்களை ஓட்டப் பழைய விண்டோஸ் பயன்படுத்திய ஒரு வசதி, புராசஸர் 64 பிட் நிலைக்குப் போனதும் கிடைப்பதில்லை. 16 பிட் விண்டோஸ் நிரல்களின் கதை வேறு. புராசஸர் அவற்றை ஏற்கும், விண்டோஸ்தான் ஏற்பதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கோப்புக்கும் விண்டோஸ் ஒரு டோக்கன் எண் கொடுக்கிறது. 16 பிட் நிரலுக்கு 65,535 வரைதான் எண்ணத் தெரியும். 64 பிட் விண்டோஸ் கொடுக்கும் டோக்கன்களோ 32 பிட் அகலம். மூன்று இலக்கம் மட்டுமே எழுத இடமுள்ள சீட்டில் ஆறு இலக்க டோக்கனை எழுத முடியாது அல்லவா, அதே சிக்கல்தான்.

ஆனாலும் சில பழைய சிடிகள் தடையின்றி இன்ஸ்டால் ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அன்று பல கம்பெனிகள் பயன்படுத்திய 'இன்ஸ்டால்ஷீல்டு' போன்ற சில 16 பிட் செட்டப்புகளை விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள 32 பிட் பதிப்பைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடும். ரெட் அலர்ட் செட்டப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

16 பிட் தடையைத் தாண்டிய செட்டப்பும் வேறொரு இடத்தில் தடுக்கி விழலாம். நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும், செட்டப்போ 'இடம் போதவில்லை' என்று அடம்பிடிக்கும். வீட்டில் இருந்த பழைய கரண்ட் மீட்டர் 9999-ஐத் தாண்டினால் 0000-க்கு வந்துவிடும், நினைவிருக்கிறதா? இதுவும் அப்படித்தான். காலி இடத்தை 32 பிட் எண்ணில் வைத்தால் 4 ஜிபியோடு மீட்டர் சுற்றிவிடும். அதிலும் மைனஸுக்கு இடம் விட்ட எண் என்றால், 2 ஜிபியை எட்டியதுமே மைனஸ் பக்கம் விழுந்துவிடும். அப்படிப்பட்ட செட்டப்புக்கு 7 ஜிபி காலி என்பது மைனஸ் 1 ஜிபி. 9 ஜிபி காலியாக இருந்தால் 1 ஜிபி என்று படித்து, மறுபேச்சில்லாமல் இன்ஸ்டால் ஆகிவிடும்! இதனால்தான் ஒரு பெரிய வீடியோ கோப்பை டிஸ்கில் போட்டவுடன் சிலருக்கு இன்ஸ்டால் வேலை செய்தது. எல்லோரும் முதலில் தொடும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' உண்மையில் உதவுவது இந்த மாதிரி இடங்களில்தான். விண்டோஸ் பதிப்பு, டிஸ்க் அளவு இவற்றையெல்லாம் பழைய நிரலுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். 16 பிட் நிரலை அதனால் ஓட்ட முடியாது.

இனி செட்டப்புக்கு என்ன வழி? 'ஓடிவிடிஎம்' என்ற இலவச மென்பொருள், 16 பிட் புராசஸரை மென்பொருளாகவே நடித்துக்காட்டி இந்தச் செட்டப்புகளை ஓட்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'வைன்' அதைச் செய்யும். இன்னொரு வழி, செட்டப்பின் வேலையை நாமே செய்வது. செட்டப் செய்வது இரண்டே வேலைகள்: கோப்புகளைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வைப்பது, எங்கே வைத்தோம் என்று விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் குறிப்பது. இரண்டாவதில் பலரும் ஏமாறுகிறார்கள். 32 பிட் நிரல்களுக்கு 64 பிட் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தனிக் கிளை ஒன்று வைத்திருக்கிறது. வழக்கமான கிளையில் எழுதிவைத்தால் கேம் அதைப் பார்க்கவே பார்க்காது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போடாமல் தனி ஃபோல்டரில் போடுவதும் நல்லது. பழைய கேம்கள் சேவ் கோப்புகளைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும், புரோகிராம் ஃபைல்ஸில் அதற்கு அனுமதி கிடையாது.

ஒரே ஒரு தடையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 2000-ஐ ஒட்டி வந்த பல கேம்களில் 'சேஃப்டிஸ்க்' என்ற நகல் தடுப்புப் பூட்டு உண்டு. அது விண்டோஸின் அடி ஆழத்தில் 'டிரைவர்' என்ற துணை நிரலாக உட்கார்ந்து, சிடி அசல்தானா என்று சோதிக்கும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியே இதனால் ஓடாமல் போனது எனக்கு இன்றும் அநியாயமாகத்தான் படுகிறது. அந்த டிரைவரை எப்படியாவது உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள். தயாரிப்பாளர் பூட்டை நீக்கிப் பேட்ச் (திருத்தக் கோப்பு) விட்டிருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் மறுவெளியீட்டை வாங்குங்கள்.

ரெட் அலர்ட்டில் அந்தப் பூட்டு இல்லை. கோப்புகளைக் கையால் வைத்து, ரெஜிஸ்ட்ரியைச் சரியான கிளையில் எழுதியதும் என் லேப்டாப்பில் கேம் திறந்தது, ஆனால் நிறங்கள் தாறுமாறாக. கேம் கேட்பது 256 நிறங்களே உள்ள திரை, இன்றைய விண்டோஸ் அதைச் சரியாகத் தருவதில்லை. 'சிஎன்சி டிடிரா' என்ற சிறிய கோப்பை கேம் ஃபோல்டரில் போட்டேன். கேம் வரையச் சொல்வதையெல்லாம் வாங்கி, இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி அது மாற்றிக் கொடுக்கிறது. அடுத்த முறை திறந்தபோது புல் பச்சையாக இருந்தது, டாங்குகள் நகர ஆரம்பித்தன.