இனாம்: கொடுக்கப்பட்டது நிலமா, வரியா?

கரூர் வெண்ணெய்மலை பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலின் நிலங்கள் எனப்படும் இடங்களில் வீடும் கடையும் கட்டியிருப்போருக்கும் அறநிலையத் துறைக்கும் இடையே அண்மை ஆண்டுகளில் நடந்துவரும் வழக்குகளிலும் தெருப் போராட்டங்களிலும் இரு தரப்பாரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அச்சொல் இனாம். இனாம் நிலமாகையால் அது என்றைக்கும் சுவாமிக்கே உரியது என்பது ஒரு வாதம். இனாம் முறையைச் சட்டம் ஒழித்ததோடு அந்த உரிமை தீர்ந்துவிட்டது, கிரயப் பத்திரம் பதிந்து வாங்கியவர்களை எப்படி வெளியேற்றலாம் என்பது மறுவாதம். அதே வட்டாரத்தில் இனாம் கரூர் என்று ஓர் ஊரே இருப்பதால், அங்கு இச்சொல்லுக்குப் பொருள் தேடுவது அகராதி வேலையோடு முடிவதில்லை.

அரபியில் 'இன்ஆம்' என்றால் அருட்கொடை, பரிசு. பாரசீகத்தையும் உருதுவையும் கடந்து, நவாபுகளும் மராட்டியரும் ஆண்ட காலத்து நிர்வாகத்தின் வழியாக அது தமிழுக்குள் வந்தது. கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 'இனாமாகக் கிடைத்தது' என்று நாம் பேசும்போது விலையில்லாமல் வந்தது என்று மட்டுமே கருதுகிறோம். குழப்பம் தொடங்கும் இடம் இதுவே. நில ஆவணங்களில் இனாம் என்பது, ஒரு நிலத்தின்மீது அரசுக்குச் சேரவேண்டிய வருவாயை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ விட்டுக்கொடுத்ததைக் குறிக்கும். மண்ணும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி.

அக்கேள்விக்கு நம் உழவர்களிடம் துல்லியமான சொற்கள் இருந்தன. விளைச்சலில் அரசுக்கோ, அரசிடமிருந்து அவ்வுரிமையைப் பெற்றவருக்கோ சேரும் பங்கு மேல்வாரம். உழுது பயிரிடும் குடிக்குரிய பங்கும், அதையொட்டி அந்த மண்ணில் நிலைத்திருக்கும் உரிமையும் குடிவாரம். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் இருவாரம். ஒரு கோயிலுக்கு மேல்வாரம் மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் அது பெற்றது வருவாய். இருவாரமும் கொடுக்கப்பட்டிருந்தால் மண்ணும் அதனுடையது. 1850களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு கொடையையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது; இன்றைய வழக்குகள் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டின் ஒரு வரியில் வந்து முடிகின்றன. மேல்வாரம் மட்டுமே கொடுக்கப்பட்டது என்று முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள இடமில்லை, அந்தந்தக் கொடையின் வாசகத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்று 1918-இல் பிரிவி கவுன்சில், அதாவது அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த அமைப்பு, கூறியது. மைனர் இனாம்கள் எனப்படும் சிறு இனாம்களை ஒழித்து, நிலமுடையவர் அரசுக்கே நேராக வரி கட்டும் ரயத்வாரியாக மாற்றிய 1963-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டமும் இந்த வேறுபாட்டைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. அதன் ஆங்கில வாசகத்திலேயே 'இருவாரம்' என்ற தமிழ்ச் சொல் இடம்பெற்று வரையறையும் பெற்றிருக்கிறது. 'இனாம்' என்ற ஒற்றைச் சொல் சட்டத்துக்கே போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனாமுக்கு முன்பு தமிழில் வழங்கியது இறையிலி. இறை என்பதற்குக் கடவுள், அரசன், வரி என்று பல பொருள் உண்டு, இங்கே வரி. வரி இல்லாதது இறையிலி. கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம், பிராமணருக்கு விடப்பட்டது பிரமதேயம் என்று பெறுபவரைப் பொறுத்துப் பெயர் மாறியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை விட்ட ராஜராஜனின் கல்வெட்டைப் படிக்கும்போது ஒன்று என்னை நிறுத்துகிறது: குடியிருப்பிடமான ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலியாகக் கழித்துவிட்டு, மீதி நிலத்துக்குத்தான் கோயிலுக்கு அளக்கவேண்டிய காணிக்கடன் நெல் கணக்கிடப்பட்டிருக்கிறது. குடியிருப்பும் விளைநிலமும் வெவ்வேறு என்ற உணர்வு அந்தக் கணக்கில் இருந்தது. இது இன்றைய எந்த வழக்கையும் தீர்த்துவிடாது. ஆயினும் கோயிலுக்கு விட்ட ஊரில் மனிதர் வாழும் இடத்தை எப்படிக் கருதினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனாமுக்கு ஈடாக 'மானியம்' என்று எழுதும் வழக்கமும் பழையதுதான். ஆனால் உர மானியம், எரிவாயு மானியம் என்று அச்சொல் இப்போது உதவித்தொகையாகிவிட்டது; நில உரிமையைச் சொல்ல அது உதவாது. 'இலவச நிலம்' என்பது தவறே. பொதுவில் இறையிலி என்றும், கோயிலுக்கு உரியதைத் தேவதான இறையிலி என்றும், கொடையின் அளவைக் காட்ட மேல்வார இறையிலி, இருவார இறையிலி என்றும் எழுதுவதே பொருந்தும் என்பது என் கருத்து. இனாம் கரூர், இனாம்குளத்தூர் போன்ற ஊர்ப்பெயர்களை மாற்றத் தேவையில்லை, அவை வரலாறு.

அறநிலையத் துறையின் கணக்கில் கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. கோயில் சொத்து சூறைபோகக் கூடாது. அதே வேளையில், ஒரு மனை இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டால் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பத்திரம் பதியவும் முடியாது என்னும்போது, சிறுகச் சேர்த்து அரை கிரவுண்டு வாங்கிய குடும்பத்துக்கு எதன் அடிப்படையில் தன் வீடு கேள்விக்குள்ளாகிறது என்று அறியும் உரிமை உண்டு. கதவில் ஒட்டப்படும் அறிவிப்பில் 'இனாம் நிலம்' என்று மட்டும் எழுதாமல், பதிவேட்டின்படி மேல்வாரமா இருவாரமா என்பதையும் சேர்த்து எழுதினால், அந்தக் குடும்பம் எந்த ஆவணத்தைத் தேடி எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்பதாவது அன்றைக்கே தெரிந்துவிடும்.